கதைப் புத்தகம், எழுத்து, சமையல்: லீவில் பிள்ளைகளோடு சேர்த்துச் செய்ய யோசனை சொல்லுங்கள்

கேள்வி
எழுதியவர்: வேலந்தாவளம் அம்மா

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், பாலக்காடு மாவட்டத்தில். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. ஏப்ரல், மே இரண்டு மாதமும் பிள்ளைகள் வீட்டில்தான்.

கோயம்புத்தூர் போனபோது தமிழில் படக்கதைப் புத்தகங்கள் கொஞ்சம் வாங்கி வந்தேன். மகள் மலையாளத்தைக் கடகடவென்று வாசிப்பாள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள். அதனால் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறாள். சின்னவன் நான் வாசித்தால் கேட்பான். "எழுது" என்று சொன்னால் இரண்டு பேருக்குமே அது ஹோம்வொர்க். நோட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிடுகிறது.

அடுப்படிக்குக் கூப்பிட்டால் மட்டும் ஓடி வருகிறார்கள். சின்ன வெங்காயம் உரிப்பாள், தேங்காய்த் துருவலை அவன் பாதி தின்றுவிட்டுப் பாதி கொடுப்பான். இந்த ஆசையோடு புத்தகத்தையும் எழுத்தையும் சேர்க்க முடியுமா என்று நெட்டில் தேடினேன். எங்கே பார்த்தாலும் ஓவன், வெண்ணெய், சாக்லெட். எங்களிடம் இருப்பது கேஸ் அடுப்பு, இட்லிப் பாத்திரம், இடியாப்ப அச்சு, தோப்புத் தேங்காய். இதை வைத்து என்ன செய்யலாம்? எந்த வயதில் கத்தியைத் தரலாம்? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உபகாரமாக இருக்கும்.

பதில் 1
எழுதியவர்: சித்தூர் வாசகசாலை

வேலந்தாவளம் அம்மாவுக்கு வணக்கம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் பக்கம் ஒரு ஊர் வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறவள் நான். உங்கள் வீட்டைப் போல இரண்டு மொழிக்கு நடுவில் வளரும் பிள்ளைகள்தான் எங்களிடமும் வருகிறார்கள். ஜூன் 19, கேரளத்தில் நூலக இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கர் நினைவாக வரும் வாசிப்பு நாள் அன்று மட்டும் புத்தகத்தைக் கையில் கொடுத்துப் பயனில்லை என்பதால்தான் சமையலையும் உள்ளே கொண்டுவந்தோம்.

நான் முக்கியமாக நினைப்பது ஒன்றுதான். பிள்ளை எழுதியது யாருக்காவது உடனே பயன்பட வேண்டும். அதை வாசித்து ஒருவர் கடைக்குப் போக வேண்டும், அல்லது மாவு பிசைய வேண்டும், குறைந்தது சிரிக்கவாவது வேண்டும். "லீவில் நான் செய்தது" என்று அரைப்பக்கம் எழுதச் சொன்னால் அதை வாசிக்க ஆளே இல்லை என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அடுப்படியில் எழுதுகிற சீட்டுக்கு எதிரிலேயே ஆள் இருக்கிறது, பசியோடு.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பாட்டி வடை சுட்ட கதை எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். காக்கா வருவதற்கு முன்னால் நிறுத்திவிட்டு, "பாட்டிக்கு உளுந்து எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். பலசரக்குக் கடையில் கடன் என்றான் ஒருவன். உடனே பாட்டியின் கடன் நோட்டை எழுத ஆரம்பித்தார்கள். உளுந்து அரைக் கிலோ, மிளகு 50 கிராம், எண்ணெய் ஒரு லிட்டர், போன மாதப் பாக்கி வேறு. ஒரு பெண் காக்காவின் பேரிலும் ஒரு வடைப் பாக்கி எழுதினாள். கட்டுரை நோட்டில் ஒரு வரி எழுதாத பிள்ளை அவள்.

அப்புறம் உளுந்தை அளந்து ஊறவைத்தோம். ஊறியதும் அதே டம்ளரில் மறுபடி அளந்து அந்த எண்ணையும் நோட்டில் எழுதினார்கள். தண்ணீர் அதிகம் விடாமல் அரைத்த மாவில் ஒரு துளி கிள்ளி ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டால், பதம் சரியாக இருந்தால் மிதக்கும். அரைக்கும்போது மாவுக்குள் காற்று ஏறுவதால் அப்படி. மிதக்கிறதா இல்லையா என்று பார்க்க எல்லாத் தலையும் கிண்ணத்தின் மேல். எண்ணெயில் போட்டு எடுக்கும் வேலை பெரியவர்களுடையது, அதில் பேச்சே இல்லை.

நீங்கள் தொடங்குவதற்கு வடை வேண்டாம், அவல் போதும். அடுப்பே தேவையில்லை. கெட்டிச் சிவப்பு அவல் ஒரு டம்ளர், துருவிய தேங்காய் அரை டம்ளர், பொடித்த வெல்லம் கால் டம்ளர், ஒரு ஏலக்காய், கனிந்த பூவன் பழம் ஒன்று. கெட்டி அவலை அலசிப் பத்துப் பதினைந்து நிமிடம் மூடி வைத்தால் மெத்தென்று ஆகிவிடும். மெல்லிய அவல் என்றால் தண்ணீர் தெளித்தாலே போதும், ஊறவைத்தால் குழைந்துவிடும். முதல் நாள் நீங்கள் செய்து காட்டுங்கள். மறுநாள் மகள் செய்முறையை எழுதட்டும், தம்பிக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். சீட்டில் இருப்பதை மட்டும்தான் அவன் செய்ய வேண்டும், அக்கா வாய் திறக்கக் கூடாது.

எங்கள் வாசகசாலையில் ஒரு பெண் "தேங்காய் போடவும்" என்று எழுதிவிட்டாள். வாசித்த பையன் முழுத் தேங்காயைத் தூக்கி அவல் மேல் வைத்தான். அவள் சீட்டைப் பிடுங்கி "உடைத்து, துருவி, இரண்டு கை" என்று சேர்த்தாள். திருத்தி எழுது என்று யாரும் சொல்லவில்லை. இதைப் பார்க்கும்போது எனக்கு வருகிற சந்தோஷம் வேறு எதிலும் வருவதில்லை.

இன்னொன்று. உங்கள் மகள் தமிழ் எழுத்து தெரியாத இடத்தில் மலையாள எழுத்தில் எழுதினால் விட்டுவிடுங்கள். கையில் மாவு இருக்கும்போது பிழை திருத்தாதீர்கள். சாப்பிட்டு முடித்த பிறகு, அடுத்த தடவைக்கு நல்ல சீட்டு ஒன்று எழுதி அலமாரிக் கதவில் ஒட்டலாம் என்று சொல்லுங்கள். அப்போது அவளே எழுத்தைக் கேட்பாள்.

பதில் 2
எழுதியவர்: பீர்மேடு டீச்சர்

வாசகசாலை அக்கா சொன்னதை நானும் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பிள்ளைகள் தேயிலைத் தோட்டத்து லயங்களில் இருப்பவர்கள். ஒரே அறைதான், அதிலேயே அடுப்பு. அதனால் தீ இல்லாத வேலைகளைத்தான் நான் அதிகம் தேடுவேன்.

முதலில் புத்தகம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் பிள்ளைகளுக்கான படக்கதைகள் இலவசம். நிறையக் கதைகள் தமிழிலும் இருக்கும், மலையாளத்திலும் இருக்கும். இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம், அதற்கு அனுமதி உண்டு. உங்கள் மகள் முதலில் மலையாளத்தில் வாசிக்கட்டும். கதை தெரிந்த பிறகு அதையே தமிழில் கொடுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதால் எழுத்துக் கூட்டும் பயம் குறையும். இங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இது நன்றாக வேலை செய்கிறது.

அடுத்து விடுகதை. பிள்ளையின் கண்ணைக் கட்டி ஒரு கிண்ணத்தில் கடுகு, ஏலக்காய், கல் உப்பு, புளி என்று எதையாவது வையுங்கள். கையும் மூக்கும் என்ன சொல்கின்றனவோ அதை மட்டும் எழுத வேண்டும், பெயர் வரக் கூடாது. எங்கள் பிள்ளைகள் எழுதிய இரண்டைப் போடுகிறேன்.

"எண்ணெய் சுட்டால்தான் பேசுவேன், பேசியதும் குதித்துவிடுவேன்." (கடுகு)

"பச்சைச் சட்டைக்குள் கறுப்பு மணிகள், அப்பா மலையில் பறிப்பார், அம்மா பாயசத்தில் போடுவாள்." (ஏலக்காய்)

இரண்டாவதை எழுதியவனின் அப்பா ஏலத்தோட்டத்து வேலைக்காரர். தன் வீட்டு விஷயம் எழுத்தில் வந்ததும் அந்தப் பையன் வகுப்பில் எழுந்து நின்று வாசித்தான்.

சங்குப்பூ வேலியில் இருந்தால் இதையும் செய்து பாருங்கள். நீலப் பூக்களை நன்றாகக் கழுவிச் சுடுநீரில் போட்டால் தண்ணீர் நீலமாகும். ஆறிய பிறகு எலுமிச்சைச் சாறு சொட்டுச் சொட்டாக விட்டால் ஊதாவாக மாறும், இன்னும் விட்டால் இளஞ்சிவப்புப் பக்கம் போகும். பூவில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்பு பட்டால் நிறம் மாறுவதுதான் காரணம். காரணத்தைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் "இதைக் குடித்த ராஜாவுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டுவிட்டுத் தாளைக் கொடுங்கள். சர்க்கரை சேர்த்தால் குடிக்கவும் நன்றாக இருக்கும். வெல்லம் போட்டால் நிறம் கெட்டுவிடும்.

பதில் 3
எழுதியவர்: செங்கோட்டை பலகாரக் கடை

தாயி, கத்தி விஷயம் நான் சொல்கிறேன். ரொம்ப வருஷம் அடுப்பு முன்னால் நின்றவன், இப்போது பேரப்பிள்ளைகளோடு நிற்கிறேன்.

ஆறு வயதுக்கு மழுங்கின கத்தி. அதில் வாழைப்பழமும் வெந்த உருளைக்கிழங்கும் வெட்டலாம். ஒன்பது வயதுக்குச் சின்னக் கத்தி தரலாம், ஆனால் காயைப் பிடிக்கிற கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கப் பழக்கிவிட்டு. அரிவாள்மனை, பிரஷர் குக்கர், எண்ணெய்ச் சட்டி மூன்றும் இப்போதைக்கு வேண்டாம். அடுப்புப் பக்கம் வந்தால் தலைமுடியைக் கட்டியிருக்க வேண்டும், தொங்குகிற துணி கூடாது, பாத்திரத்தின் பிடி உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இட்லிப் பாத்திரத்தைத் திறக்கும்போது மூடியை முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறக்கணும். தீயை விட ஆவி மோசம், கண்ணுக்கே தெரியாது.

சூடு பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். டூத்பேஸ்ட், மை, ஐஸ் எதுவும் வைக்காதீர்கள். கொப்புளம் பெரிதாக இருந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

பலகாரம் என்று கேட்டால் நான் கொழுக்கட்டை சொல்வேன். அரிசி மாவில் உப்பும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் சேர்த்து, கொதிக்கிற தண்ணீர் விட்டு நீங்கள் கிளறிக் கொடுங்கள். கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் அதைத் திரித்து எழுத்துகள் செய்யட்டும். சுண்டுவிரல் கனம் இருக்கணும், மெல்லிசாகத் திரித்தால் வேகும்போது உடைந்துபோகும். ட, ப, ம சுலபம். ழ, ஐ கஷ்டம், சுழி நிற்காது. பத்து நிமிடம் ஆவியில் வெந்ததும் அவரவர் பேரை அவரவர் தின்னலாம். பேரில் எழுத்து கம்மியாக இருக்கிற பிள்ளை சண்டைக்கு வரும். அப்போது ஊர் பேரையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

கேட்டவரின் பதில்
எழுதியவர்: வேலந்தாவளம் அம்மா

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணாச்சி சொன்ன இட்லி மூடி விஷயத்தை இன்றைக்கே இரண்டு பேருக்கும் காட்டிவிட்டேன். அவலும் கடன் நோட்டும் இந்த ஞாயிறு. டீச்சர் சொன்ன தளத்தில் ஒரு கதையை இரண்டு மொழியிலும் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். சின்னவனுக்கு இன்னும் வரியாக எழுத வராது. அக்கா எழுதுவதைப் பார்த்து அவன் ஒதுங்கிவிடுவானோ என்று கவலையாக இருக்கிறது.

பதில் 4
எழுதியவர்: சித்தூர் வாசகசாலை

ஒதுங்கமாட்டான், அவனுக்கென்று தனி வேலை இருந்தால். அளவுக் கணக்கு முழுவதும் அவனிடம் கொடுங்கள். ஒரு டம்ளர் போட்டால் ஒரு கோடு, ஒரு ஸ்பூன் போட்டால் ஒரு புள்ளி. அந்தக் கோடும் புள்ளியும் இல்லாமல் அக்காவின் சீட்டு முடியக் கூடாது. கதையில் ஆள் பேசுவதை அவன் வாயால் சொல்லட்டும், அவள் எழுதட்டும். அவன் சொன்ன வார்த்தையை மாற்றாமல் எழுத வேண்டும் என்று மட்டும் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

விஜயதசமிக்கு நம் சித்தூர் தெக்கே கிராமத்தில், மலையாளக் கவி எழுத்தச்சன் பேரில் இருக்கும் குருமடத்தில் அரிசியில் விரல் பிடித்து எழுதவைப்பார்கள் இல்லையா? அதே மாதிரி ஒரு தட்டில் ரவையைப் பரப்பி, உப்புமா கிண்டுவதற்கு முன்னால் அவன் முன் வையுங்கள். இன்றைக்கு என்ன டிபன் என்பதை முதல் எழுத்து மட்டும் அவன் எழுதிக் காட்ட, அக்கா கண்டுபிடிக்க வேண்டும். கலைத்துக் கலைத்து எழுதலாம், தப்பு என்று ஒன்று அங்கே நிற்காது. அதன் பிறகு அந்த ரவையையே வறுத்துக்கொள்ளுங்கள்.

லீவு முடிவதற்குள் ஒருநாள் இரண்டு பேரையும் எலப்புள்ளிப் பக்கம் ராமசேரிக்குக் கூட்டிப் போங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் மண்பானை மேல் துணி விரித்துத் தட்டையாக இட்லி வேகவைக்கிறார்கள். உங்கள் வீட்டு இட்லிப் பாத்திரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். கிளம்புவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். துணி ஏன், என்ன விறகு, மாவு எவ்வளவு நேரம் புளிக்க வேண்டும் என்று அவர்களுக்கே தோன்றும். சின்னவன் பானையைப் படம் வரையட்டும். கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள், அப்போதுதான் நின்று பதில் சொல்வார்கள்.