மேற்கு வேர்ஜீனியாவுக்குப் போகிறீர்களா? ஒரு திருகோணமலைக்காரனின் பதில்

கேள்வி: அண்ணா, உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். மனைவிக்கு அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ‘அங்கே முழுக்கப் போதைக்காரர்’ என்று சனம் பயமுறுத்துகிறது. உண்மையா?

பதில்: தம்பி, நான் அந்த மாநிலத் தலைநகர் சாள்ஸ்டனில் 9 வருசம். இப்போது லீவில் உப்புவெளியில் நிற்கிறேன், ஆறுதலாகவே எழுதுகிறேன்.

மாநிலம் பரப்பில் இலங்கையைவிடக் கொஞ்சம்தான் சின்னது, சனம் 18 லட்சத்துக்கும் குறைவு. எங்கு பார்த்தாலும் அப்பலாச்சியன் மலை, கடல் கிடையாது. மான் உண்டு. ஆனால் கோணேசர் கோயிலடி மான் மாதிரிக் கிட்ட வந்து நிற்காது, பொழுதுபடும் நேரம் காருக்குக் குறுக்கே பாயும். மான் மோதினாலும் காசு தருகிற காப்புறுதியாகப் பார்த்து எடுங்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வேர்ஜீனியா மாநிலம் நாட்டைவிட்டுப் பிரிய, இந்த மலைக்காரர் வேர்ஜீனியாவை விட்டுப் பிரிந்து 1863இல் தனி மாநிலமானார்கள். அப்புறம் எல்லாம் நிலக்கரிதான். 1907இல் மொனோங்கா சுரங்க வெடிப்பில் 362 பேர் செத்தார்கள். 1921இல் சங்கம் வைக்கும் உரிமைக்காகத் தொழிலாளர் பிளேர் மலையில் துவக்குத் தூக்கினார்கள். அயலவரோடு நிலக்கரியை இளக்காரமாகக் கதைக்க வேண்டாம்.

சரி, போதை. இந்த அலை தெருமுனையில் தொடங்கவில்லை, பாமசியில் தொடங்கியது. 1996இல் ஒக்சிகொன்ரின் என்ற, அபின் வகை வலிக் குளிசை சந்தைக்கு வந்தது. சுரங்கத்தில் முதுகு போனவர்களுக்கு மருத்துவர்களே வலிக் குளிசை எழுதிக் கொடுத்தார்கள். கெர்மிட் என்று 400 பேர் உள்ள ஊர். அங்கே ஒரே பாமசிக்கு 2 வருசத்தில் ஏறத்தாழ 90 லட்சம் குளிசை போனது. கட்டுப்பாடு இறுகியதும் ஹெரோயின், பிறகு அதைவிடப் பலமான பென்டனைல். அளவுமீறிய போதையால் சாகிற வீதத்தில் இந்த மாநிலம் பல வருசம் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது.

என் மனைவிக்குப் பல் பிடுங்கியபோது வலிக் குளிசை தந்தார்கள். பாதிக்கு மேல் மிச்சம். பக்கத்து வீட்டு மனிதர் வேலியடியில் நின்று, தொப்பியைக் கையில் உருட்டியபடி, “முதுகு நோகிறது, இரண்டு தரலாமா?” என்று கேட்டார். எங்கட ஊரென்றால் யோசிக்காமல் கொடுத்திருப்பேன். அங்கே சும்மா கொடுத்தாலும் குற்றம், விசாவுக்கும் ஆபத்து. இல்லையென்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த பனிக்கு என் வாசலையும் அவரே வழித்துவிட்டார்.

மிச்சக் குளிசையைப் பூட்டி வையுங்கள், அல்லது பாமசியில் திருப்பிப் போடும் பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். இப்படியான போதை மருந்து அளவுமீறி மூச்சு அடங்குகிறவரை மீட்க, மூக்கில் அடிக்கும் நலொக்சோன் என்ற மருந்தை 2023 முதல் மருத்துவரின் துண்டு இல்லாமலே வாங்கலாம். ஒன்று கைவசம் இருக்கட்டும். அடித்துவிட்டு அவசர உதவி எண் 911க்கும் எடுக்க வேண்டும்.

கேள்வி: நன்றி அண்ணா. மீன் கிடைக்குமா?

பதில்: ஆற்றில் ட்ரவுட் இருக்கிறது, பிடிக்க லைசென்ஸ் வேண்டும். பாரை, விளைமீன் எல்லாம் போகுமுன் வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள்.