மூன்று வயதுக் குழந்தைக்குக் கறந்த பாலா, டின்பாலா?

தாமுவே அம்மா:
ரங்கூனின் இன்செயின் பக்கத்திலிருந்து நம்மவர் ஒருவர் எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவந்து வீசைக் கணக்கில் அளந்து ஊற்றுகிறார். மகளுக்கு இத்தனை நாளும் அதைத்தான் காய்ச்சிக் கொடுத்தேன். போன வாரம் வந்த நாத்தனார், "கறந்த பாலில் என்ன கலந்திருக்கிறதோ, டின்பாலைக் கரைத்துக் கொடு, அது கம்பெனி சரக்கு" என்று கண்டித்துவிட்டுப் போனார். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத ரங்கூனில், குளிர்பெட்டியை நம்பிப் பாக்கெட் பால் வாங்கவும் பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டகைக்காரர்:
அம்மா, நாங்கள் தாத்தா காலத்திலிருந்து மாடு வைத்துப் பிழைப்பவர்கள். டின்னைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்துப் பாருங்கள். முன்னால் பசு படம் இருக்கும். பின்னால் பல டின்களில் "கிரீமர்" என்றும் "பாமாயில்" என்றும் போட்டிருக்கும். பால் கொழுப்பை எடுத்துவிட்டுப் பனை எண்ணெயைச் சேர்த்த சரக்கு அது. அதைப் பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்கிறவர்களை என்னவென்று சொல்வது?

தேநீர்க்கடை:
அண்ணா, டின்னை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். என் கடையில் லபெயே என்ற பர்மியத் தேநீருக்கு டின்பால்தான். அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. அந்தச் சர்க்கரை தண்ணீரைக் கட்டிவைத்திருப்பதால்தான் கிருமி வளர முடிவதில்லை, ஐஸ் இல்லாமலும் கெடுவதில்லை. உங்கள் ஆட்கள் கொண்டுவரும் பாலில் சில நாள், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டரைப் போட்டால் அப்படியே உள்ளே இறங்குகிறது. தண்ணீருக்குக் காசு வாங்குகிறவர்கள் டின்னைப் பற்றிப் பேசலாமா?

கொட்டகைக்காரர்:
மடிச்சூடு ஆறாத பாலில் போட்டால் இறங்கத்தான் செய்யும். காற்றுக்குமிழி அடங்கட்டும், பால் ஆறட்டும், பிறகு போட்டுப் பாருங்கள்.

ஆய்வுக்கூடம்:
நான் உணவு வேதியியல் படித்து, ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். பால் ஆற வேண்டும் என்று அண்ணன் சொன்னது சரி. ஆனால் ஆறிய பாலிலும் லாக்டோமீட்டர் காட்டுவது அடர்த்தியை மட்டுமே. நல்ல பசும்பாலின் அடர்த்தி 1.028 முதல் 1.032 வரை இருக்கும். தண்ணீர் விட்டால் குறையும். ஆடையை எடுத்தால் கூடும். இரண்டையும் செய்தவன் பாலும் சரியான எண்ணைக் காட்டும். தண்ணீர் விட்டுக் கொஞ்சம் சர்க்கரை போட்டாலும் அப்படித்தான்.

தண்ணீரை விடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன. கறந்த பாலைப் பொங்கக் காய்ச்சினால் காசநோய்க் கிருமியும், மாட்டிலிருந்து காய்ச்சலைக் கொண்டுவரும் புரூசெல்லா கிருமியும் சாகும். பண்ணைகளில் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்குவதும் அதற்காகத்தான். காய்ச்சினாலும் போகாதவை இரண்டு.

முதலாவது, பூஞ்சை நஞ்சு. கடலைப் புண்ணாக்கு மழைக்காலத்தில் ஈரம் கோத்தால் அதில் அஃப்ளடாக்சின் உண்டாகும். ஈரலில் புற்றுநோயைக் கொண்டுவரும் நஞ்சு அது. மாடு அதைத் தின்றால் ஒரு பங்கு, நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவில், எம்1 என்ற வடிவில் பாலில் இறங்கும். ஐரோப்பாவில் ஒரு கிலோ பாலில் 0.05 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, அமெரிக்காவில் 0.5 வரை விடுகிறார்கள். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆனால் கெட்ட புண்ணாக்கை நிறுத்தினால் சில நாட்களில் பாலில் குறைந்துவிடும்.

இரண்டாவது, மடிவீக்கத்துக்குப் போடும் ஆன்டிபயாட்டிக். மருந்து அட்டையில் எழுதியிருக்கும் நாட்கள் வரை அந்த மாட்டுப் பாலை விற்கக் கூடாது. சுத்தமாகக் காய்ச்சி, நல்ல உறை ஊற்றியும் தயிர் தோயவில்லை என்றால் எனக்கு முதலில் இந்தச் சந்தேகம்தான் வரும்.

கொட்டகைக்காரர்:
தம்பி, புண்ணாக்கைப் பற்றிப் படித்தவர்கள் பேசுவது சுலபம். மத்திய பர்மாவின் மாக்வேயிலிருந்து மூட்டை வந்து இறங்கும்போதே அடிப்பக்கம் சில நேரம் சில்லிட்டிருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் அடுத்த தடவை கடன் கிடைக்காது. நம் கியாட் பணத்தின் மதிப்பு விழுந்ததிலிருந்து தீவனம் விற்கும் விலைக்கு, வீசை விலையை நான் ஏற்றினால் தெருவே சண்டைக்கு வருகிறது. பூஞ்சையைத் தெரிந்தே யாரும் போடுவதில்லை. எங்களை இத்தனை கேள்வி கேட்கிறீர்களே, டின்னை யார் சோதித்தார்கள்? 2008இல் சீனத்தில் பால்மாவில் பிளாஸ்டிக் செய்யும் மெலமைனைக் கலந்தவர்களும் கம்பெனிக்காரர்கள்தானே?

ஆய்வுக்கூடம்:
கம்பெனிகள் மட்டுமல்ல, பால் சேகரித்த இடைத்தரகர்களும்தான். தண்ணீர் விட்ட பாலில் புரதம் குறைந்தது தெரியாமலிருக்க மெலமைனைப் போட்டார்கள். அன்று ஆய்வுக்கூடங்கள் புரதத்தை நேரடியாக அளக்காமல் நைட்ரஜனை அளந்து கணக்குப் போட்டன. மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டு, 6 குழந்தைகள் இறந்தன. ஆகவே கம்பெனி முத்திரையை வைத்து நம்ப முடியாது என்பதை ஏற்கிறேன். நம்மவர் என்பதற்காகவும் நம்ப முடியாது.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இனிப்பு டின்பால் வேண்டாம். இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 40 கிராம் போட்டால் அதில் சேர்த்த சர்க்கரை மட்டும் 17 கிராம் அளவில் வரும். பெரியவருக்கே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடிக்கும் பதத்துக்குக் கரைத்தால் புரதம் நீர்த்துப்போய் இனிப்புதான் மிஞ்சும். இது புதுச் செய்தியும் இல்லை. சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், டின்பாலைக் கைக்குழந்தை உணவாக்கியதால் நேர்ந்த சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்று 1939இலேயே பேசினார்.

தேநீர்க்கடை:
கைக்குழந்தைக்குக் கொடுக்கச் சொல்லி நான் எங்கே சொன்னேன்? பெரியவர்கள் குடிக்கும் தேநீரைப் பற்றித்தான் பேசினேன்.

தட்டோன் ஆசிரியர்:
அடிப்படையையே கேட்கிறேன். பால் இல்லாவிட்டால் பிள்ளை வளராதா? பர்மியரில் பெரும்பாலோருக்குப் பாலில் இயல்பாகவே உள்ள பால் சர்க்கரை சரியாகச் செரிப்பதில்லை. தென்னிந்தியரிலும் பலருக்கு அப்படியே. இங்கே முள்ளோடு தின்னும் சின்ன மீன் இருக்கிறது, எள் இருக்கிறது, பருப்பு இருக்கிறது. சுவீடனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு மூன்று கோப்பைக்கு மேல் பால் குடித்த பெண்களிடம் சாவு கூடுதலாக இருந்தது. இவ்வளவு நஞ்சைத் தேடி ஓடி எதற்கு இந்தப் பால்?

ஆய்வுக்கூடம்:
ஐயா, அதே ஆய்வில் தயிர், மோர் வகை சாப்பிட்டவர்களிடம் அந்தத் தீமை தெரியவில்லை. 2018இல் 21 நாடுகளில் 1,36,000 பேரைப் பார்த்த இன்னொரு ஆய்வில், பால் பொருட்கள் அதிகம் சாப்பிட்டவர்களிடம் சாவும் இதயநோயும் குறைவாக இருந்தன. இரண்டும் மக்கள் வாழ்க்கையைப் பார்த்து எழுதியவை. பால்தான் காரணம் என்று எதுவும் நிரூபிக்கவில்லை. இரண்டும் பெரியவர்களைப் பற்றியவை. பிள்ளையின் கோப்பைக்கு அவற்றைத் தீர்ப்பாக எடுக்க முடியாது.

செரிமானமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. செரிக்காதவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் பால் சர்க்கரையை, அதாவது ஒரு கோப்பைப் பாலை, பெரிய தொல்லை இல்லாமல் தாங்குகிறார்கள். மீன் தின்னும் வீட்டில் பால் இல்லாமலும் பிள்ளை வளரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2015-16 கணக்கெடுப்பில் மியான்மரில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 29 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். கிடைக்கிற நல்ல உணவில் ஒன்றை ஏன் விட வேண்டும்?

தட்டோன் ஆசிரியர்:
தயிரைச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். அந்த உயரக் குறைவைப் பால் சரிசெய்துவிடும் என்றால் ஏற்கமாட்டேன். சுத்தமான தண்ணீரும் கழிப்பறையும் இல்லாத இடத்தில் வயிற்றுப்போக்கு பாதி உணவைக் கொண்டுபோய்விடுகிறது.

தாமுவே அம்மா:
டின்பால் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். கறந்த பாலை உடனே பொங்கக் காய்ச்சி, பாதியை உறை ஊற்றப் போகிறேன். எங்கள் பால்காரரிடம் புண்ணாக்கு மூட்டையை எங்கே வைக்கிறீர்கள் என்றும் கேட்கப் போகிறேன். கொட்டகைக்கார அண்ணா, ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள். ஊசி போட்ட மாட்டின் பாலை நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

கொட்டகைக்காரர்:
மூட்டையைப் பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் அடுக்குகிறோம். பூத்ததை எருக்குழியில் கொட்டிவிடுகிறேன். ஊசி போட்ட மாட்டுப் பாலை என் வீட்டில் கீழே கொட்டிவிடுகிறோம். எல்லோரும் கொட்டுகிறார்கள் என்று சத்தியம் செய்யமாட்டேன். இரண்டு மாடு வைத்திருப்பவனுக்கு ஒரு மாட்டுப் பால் போனால் அந்த வாரம் அரிசிக்குக் காசு இருக்காது.

தேநீர்க்கடை:
அப்படியானால் அந்த நாட்களின் நட்டத்தில் வாங்குகிறவர்களும் பங்கு எடுக்க வேண்டும். மருந்து போட்ட நாளை மறைக்காமல் சொல்கிறவருக்கு வீசைக்குக் கூடுதல் விலை கொடுக்க நான் தயார். மற்றக் கடைக்காரர்களையும் கேட்டுப் பார்க்கிறேன். உங்கள் பக்கத்தில் எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள், அண்ணா?