பொது நிலத்தில் புறா வேட்டை: ஆள் நிறைய, பறவை இல்லை. ஏன்?

அமெரிக்காவின் நான்கு மாநிலங்களிலிருந்து வேட்டைக்காரர்கள் சொல்வது.

மிசௌரியிலிருந்து:

வேட்டைப் பருவம் தொடங்கும் செப்டம்பர் 1 அன்று அரசு நிலத்துச் சூரியகாந்தி வயலில் எள் போட்டால் விழாத கூட்டம், வானமோ காலி. பெரும்பாலும் கோளாறு தரையில்தான். மோர்னிங் டவ் (இங்கே வேட்டையாடும் காட்டுப் புறா) கோழி மாதிரி கிளறித் தின்னாது. வெறும் மண்ணில் கண்ணுக்குத் தெரியக் கிடக்கும் விதையைத்தான் பொறுக்கும். அதனால் ரோட்டிலிருந்து பூவின் அளவைப் பார்த்துவிட்டு வயலை முடிவு செய்யாதீர்கள். ஆகஸ்ட் கடைசியில் உள்ளே இறங்கி, வெட்டிச் சாய்த்த வரிசைகளுக்கு நடுவே குனிந்து பாருங்கள். முழு விதை மண்மேல் கிடக்க வேண்டும். கூடவே எச்சமும் சாம்பல் இறகும் தெரிய வேண்டும். இரண்டாகப் பிளந்த தோல் குவிந்திருந்தால் ஏமாறாதீர்கள், அது சிறு குருவிகள் உரித்துத் தின்றது. புறா விதையை முழுசாக விழுங்கிவிடும். வரிசைக்கு நடுவே புல் மண்டிக் கிடந்தால், எவ்வளவு விதை கொட்டியிருந்தாலும் அந்த வயலை விட்டுவிடலாம்.

வயலை வெட்டிச் சாய்ப்பது இரை போட்டுச் சுடுவதாகாதா என்று பலர் கேட்கிறார்கள். புறா விஷயத்தில் ஆகாது. அங்கேயே விளைந்ததைச் சாய்க்கலாம். வெளியிலிருந்து தானியம் கொண்டுவந்து தூவி, அங்கே சுட்டால் குற்றம். அதை முழுவதும் அகற்றிய பிறகும் 10 நாள் அங்கே சுடக் கூடாது.

டெக்சாஸிலிருந்து:

48 டாலர் பொது வேட்டை பெர்மிட்டில் கிடைக்கும் நிலம் நிறைய, ஆனால் முதல் வார இறுதியில் எல்லோரும் ஒரே வயலில்தான் நிற்கிறார்கள். ஒருவர் 60 கெஜத்தில் பறப்பதைச் சுட்டால் போதும், கூட்டமே திசை மாறிவிடும். அத்தனை பேருக்கும் நஷ்டம். புறாவின் கண்ணும் சிறகுப் புள்ளியும் தெரியாத தூரத்தில் துப்பாக்கியைத் தூக்கவே கூடாது. பறவைக்குப் பின்னால் வானம் தெரியாவிட்டாலும் அப்படித்தான். தாழப் பறப்பதைச் சுட்டால் ரவை (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள்) எதிர்வரிசையில் இருப்பவர் முகத்தில் படும்.

இரண்டு நாள் வெடிச் சத்தத்துக்குப் பிறகு புறா அந்த வயலுக்கு வருவது குறைந்துவிடும். அப்போது வார நாள் சாயங்காலம் குட்டைக்குப் போங்கள். கரையில் புல் இல்லாமல், பக்கத்தில் ஒரு பட்டமரம் நிற்கும் குட்டையாக இருக்கட்டும். புறா முதலில் மரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெட்டவெளிக் கரையில் இறங்கி நடந்து வந்து குடிக்கும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிழலில் உட்காருங்கள். சூரிய அஸ்தமனத்தோடு சுடும் நேரம் முடிகிறது, அதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் முக்கியம்.

நாயைக் கூட்டி வருபவர்களுக்கு: புறாவின் இறகு தொட்டாலே உதிரும். நாலைந்து எடுத்து வந்ததும் நாயின் நாக்கிலும் அண்ணத்திலும் ஒட்டிக்கொள்ளும். செப்டம்பர் வெயிலில் வாயைத் திறந்து இளைக்க முடியாமல் நாய் சுருண்டு விழுந்துவிடும். ஒவ்வொரு முறையும் விரலை விட்டு வழித்து, தண்ணீர் கொடுங்கள்.

கலிபோர்னியாவிலிருந்து:

இங்கே 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈய ரவை கூடாது. இம்பீரியல் பள்ளத்தாக்குக்கு வருபவர்கள் ஈயத்தில் போட்ட 7½ நம்பர் ரவையையே (நம்பர் கூடினால் ரவை சிறிது) ஸ்டீலிலும் தேடி வாங்கிவிட்டு, அடிபட்ட பறவை பறந்து போகிறது என்று புலம்புகிறார்கள். ஸ்டீல் எடை குறைவு. நம்பர் 6 அல்லது 7 வாங்குங்கள், 12 போர் (குழாய் அளவு) துப்பாக்கிக்குத் தோட்டாவில் 1⅛ அவுன்ஸ் ரவை. சோக் (ரவை சிதறுவதைக் கட்டுப்படுத்தும் குழாய் முனைக் குறுக்கம்) இம்ப்ரூவ்ட் சிலிண்டர் போதும். டெக்சாஸ் வனவிலங்குத் துறையின் ஆய்வில் இந்த இரண்டு ஸ்டீல் அளவும் ஈயம் 7½-க்குச் சமமாகவே புறாவை வீழ்த்தின. குறி தவறுவதற்கு ஸ்டீலைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

பம்ப், ஆட்டோ துப்பாக்கி என்றால் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி பிளக் (தடுப்புக் கட்டை) இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதியுங்கள். நாடு முழுவதும் இதே விதி.

தென் கரோலினாவிலிருந்து:

இங்கே அரசு புறா வயலில் ஆளுக்கு 50 தோட்டா வரைதான். அதனால் விழுந்த பறவையைத் தொலைப்பதுதான் பெரிய நஷ்டம். ஒன்று விழுந்ததும் அடுத்ததைச் சுடாதீர்கள். விழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நேராக நடந்து, அங்கே தொப்பியைப் போட்டுவிட்டு, அதைச் சுற்றி வட்டமாகத் தேடுங்கள். காய்ந்த தண்டுகளுக்கு நடுவே சாம்பல் நிறம் அப்படியே மறைந்துவிடும். வயிற்றுப் பக்கம் மேலே திரும்பிக் கிடந்தால்தான் சட்டென்று தெரியும்.