சிறுநீரக பயாப்ஸி: உங்களுக்கு எப்படி இருந்தது?

சிறுநீரில் புரதம் வெளியேறுவதற்கான காரணம் மற்றப் பரிசோதனைகளில் தெரியாததால் எனக்கு பயாப்ஸி (ஊசியால் சிறிது திசுவை எடுத்துப் பரிசோதிப்பது) செய்தார்கள். தட்டணுக்களின் (இரத்தக் கசிவை நிறுத்த உதவும் அணுக்கள்) எண்ணிக்கையும் இரத்தம் உறையும் தன்மையும் முன்கூட்டியே பார்க்கப்பட்டன. ஆஸ்பிரினை மருத்துவர் சொன்னபடி ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருந்தேன். (இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பவர்கள், இதய மருத்துவரைக் கேட்காமல் தாமாக நிறுத்திவிடக் கூடாது.) அன்று என் இரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டியிருந்ததால், அது இறங்கும்வரை காக்க வைத்தார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது; அழுத்தம் கூடியிருக்கும்போது ஊசி செலுத்தினால் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பும் கூடும் என்று விளக்கிய பிறகு சமாதானமானேன்.

குப்புறப் படுக்க வைத்து, முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடியே சிறுநீரகத்தின் கீழ்முனையிலிருந்து திசுவை எடுத்தார்கள். மூச்சை அடக்கச் சொன்ன கணத்தில் ஸ்டேப்ளர் அடிப்பது போன்ற ஒலி கேட்டது. முதுகில் ஓர் அழுத்தம், அவ்வளவுதான். அதன்பின் மல்லாந்து அசையாமல் படுத்திருந்ததே எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

*

மேலே எழுதியவருக்கு முடிந்ததுபோல் என் தாயாருக்கு பயாப்ஸி அவ்வளவு எளிதாக முடியவில்லை. மாலைவரை தெளிவாக இருந்த சிறுநீர் இரவில் சிவந்து, கட்டி கட்டியாக இரத்தம் வந்து, பின்னர் சிறுநீர் கழிக்கவே முடியாமல் அடைத்துக்கொண்டது. குழாய் செருகிச் சிறுநீர்ப்பையைக் கழுவினார்கள். ஹீமோகுளோபின் இறங்கியதால் இரத்தமும் ஏற்றினார்கள். கசிவு நிற்காவிட்டால் ஆஞ்சியோகிராம் வழியாக அந்த இரத்தக் குழாயை அடைக்க வேண்டியிருக்கும் என்று ஒப்புதல் கையெழுத்து வாங்கினார்கள். நல்லவேளையாக அது தானாகவே நின்றது. அன்று மாலையே வீட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. மீண்டும் ஒருமுறை செய்யச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாமா?

*

சிறுநீரகப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். கண்ணுக்குத் தெரியும் அளவில் சிறுநீரில் இரத்தம் போவது நூற்றில் மூன்று நான்கு பேருக்கு நேரக்கூடியது. இரத்தம் ஏற்ற வேண்டிய நிலை நூற்றில் ஓரிருவருக்கு வரலாம். கசியும் இரத்தக் குழாயை அடைக்கும் சிகிச்சை ஆயிரத்தில் சிலருக்கே தேவைப்படும். உயிரிழப்பு மிக மிக அரிது. சிக்கல்களில் பெரும்பாலானவை முதல் 8 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும் என்றாலும், கணிசமானவை அதற்குப் பிறகே தலைகாட்டுவதால், கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருள்) இரத்தத்தில் உயர்ந்தவர்களை இரவு முழுவதும் வைத்துப் பார்ப்பதையே நான் ஆதரிப்பேன். அவர்களுக்குத் தட்டணுக்கள் எண்ணிக்கையில் சரியாக இருந்தாலும் வேலையில் மந்தமாக இருக்கும். வீடு திரும்பியபின் ஓரிரு வாரங்களுக்குக் கனமான பொருள்களைத் தூக்கக் கூடாது. இரத்தக் கட்டிகள், தலைசுற்றல், கூடிக்கொண்டே போகும் விலா வலி, காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

தாயாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அறிக்கையின் முடிவால் மருந்து மாறப்போகிறதா என்பதை முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். மாறாது என்றால் மறுபடியும் செய்யும் அவசியம் குறைவு. செய்தே ஆக வேண்டுமென்றால், முன்பு நேர்ந்த கசிவை ஆவணங்களுடன் தெரிவியுங்கள். கழுத்துச் சிரை வழியாகத் திசு எடுக்கும் முறையும் உண்டு. அது எல்லா இடங்களிலும் செய்யப்படுவதில்லை, கிடைக்கும் திசுவும் சில வேளைகளில் போதாமல் போகலாம்.