யெஸ் பிரைம் மினிஸ்டர் கடைசி சீசன்: படிப்பகத்தில் போடலாமா, எதை விடலாம்?

தண்டையார்பேட்டை படிப்பகம்:

எல்லோருக்கும் வணக்கம். யெஸ் மினிஸ்டர், அதன் தொடர்ச்சியான யெஸ் பிரைம் மினிஸ்டர் இரண்டும் பிபிசியின் அரசியல் நகைச்சுவைத் தொடர்கள்: அமைச்சராக இருந்து பிரதமராகும் ஹேக்கர், அவரை மடக்கும் மூத்த அதிகாரி ஹம்ப்ரி, ஹேக்கரின் தனிச் செயலாளர் பெர்னார்டு. எங்கள் படிப்பகத்தில் ஞாயிறு மாலைகளில் யெஸ் மினிஸ்டர் மூன்று சீசன், 1984 சிறப்பு எபிசோடு, யெஸ் பிரைம் மினிஸ்டர் முதல் சீசன் எல்லாம் போட்டு முடித்தாயிற்று. பாக்கி இருப்பது 1987 டிசம்பர் முதல் 1988 ஜனவரி வரை பிபிசி 2-இல் வந்த கடைசி எட்டு எபிசோடுகள். ஆனால் ரசிகர்களில் ஒரு சாரார் இந்த எட்டும் இறங்குமுகம், பேச்சு அதிகம், முதல் சீசனோடு நிறுத்தியிருக்கலாம் என்கிறார்கள்.

வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் துறைமுகத்திலும் பெரம்பூர் ரயில்வே பட்டறையிலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள். மீதி, டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள். கையில் மூன்று ஞாயிறுதான் இருக்கிறது, ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடு ஓட்டலாம். அப்படியானால் எந்த ஆறு? எந்த வரிசை? பார்ப்பதற்கு முன் என்ன விளக்கம் கொடுக்க வேண்டும்?

இன்னொரு சிக்கல். தமிழ் சப்டைட்டில் நாங்களே போடுகிறோம். இதுவரை சரியாக ஓடியது. இந்த சீசன் ஃபைலில் முதல் காட்சி பொருந்துகிறது, போகப் போக எழுத்து முந்திக்கொண்டு ஓடுகிறது. பென் டிரைவில் போட்டு டிவியில் சொருகினால் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கின்றன. வழி சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை கண்ணன்:

இறங்குமுகம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த எட்டில் ஹேக்கர் வேறு ஆள். யெஸ் மினிஸ்டர் முதல் எபிசோடில் கோப்புகளைக் கண்டு மிரண்ட மனிதர், இங்கே ஹம்ப்ரியின் ஆயுதத்தையே எடுத்து ஹம்ப்ரியின் மேல் வைக்கிறார். ஆரம்பத்தில் இருந்த அதே சூத்திரத்தை, அதாவது அமைச்சர் ஆசைப்படுவார், செயலாளர் கெடுப்பார் என்பதை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். எழுதிய அந்தோனி ஜே, ஜோனதன் லின் இருவரும் அந்தச் சூத்திரத்தை உடைத்ததுதான் இந்த சீசனின் பலம்.

சிறந்த சான்று கடைசி எபிசோடு, தி டேங்கிள்டு வெப். ஒரு எம்.பி.யின் போன் ஒட்டுக் கேட்கப்படவில்லை என்று ஹேக்கர் அவையில் சொல்லிவிடுகிறார். உண்மையில் ஒட்டுக் கேட்டிருக்கிறார்கள், அது அவருக்குத் தெரியாது. நாடாளுமன்றக் குழு முன்னால் தனக்காகப் பொய் சொல்லச் சொன்னால் ஹம்ப்ரி மறுக்கிறார். பிறகு ஹம்ப்ரி வானொலிப் பேட்டி ஒன்று கொடுக்கிறார். பேட்டி முடிந்துவிட்டது என்று நினைத்து வேலையில்லாதவர்களைப் பற்றி வாய் தவறிப் பேசுகிறார், டேப் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த டேப் ஹேக்கர் கைக்கு வருகிறது. இத்தனை வருடம் முழ நீள வாக்கியங்களால் எல்லோரையும் திணறடித்தவர், தன் குரலையே கேட்டு உட்கார்ந்திருக்கிறார். அப்போது ஹம்ப்ரியாக நடிக்கும் நைஜல் ஹாத்தோர்ன் முகத்தைப் பாருங்கள். பேட்டி எடுப்பவர் லுடோவிக் கென்னடி, பிபிசியின் நிஜமான செய்தியாளர், தானாகவே நடித்திருக்கிறார். இதைப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். இதைத்தான் கடைசியில் வைக்க வேண்டும், வேறு எதையும் இதற்குப் பின்னால் போடாதீர்கள்.

முதலில் மேன் ஓவர்போர்டு. பட்டறை ஆட்களுக்கு இதுதான் பிடிக்கும். பிரிட்டனின் வடக்கில் வேலை இல்லை, ராணுவ முகாம்களோ தெற்கில் குவிந்திருக்கின்றன. மூன்று லட்சம் படை ஊழியர்களை வடக்கே மாற்றலாம் என்று வேலைவாய்ப்பு அமைச்சர் திட்டம் கொண்டு வருகிறார். அதிகாரிகளுக்கும் ராணுவத் தலைமைக்கும் லண்டனை விட்டு நகர மனமில்லை. திட்டத்தை எதிர்த்து வாதாடினால் தோற்பார்கள், ஆகவே அந்த அமைச்சர் உங்கள் நாற்காலிக்குக் குறி வைக்கிறார் என்று ஹேக்கர் காதில் ஓதுகிறார் ஹம்ப்ரி. திட்டத்தை விட்டு ஆளை அடிக்கிற உத்தி அது. தொழிற்சாலையும் சாம்பலும் வட சென்னைக்கு, வசதி தென் சென்னைக்கு என்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வடக்கு தெற்கு கணக்கை யாரும் விளக்கத் தேவையில்லை.

அஃபீஷியல் சீக்ரெட்ஸ், எ டிப்ளமாடிக் இன்சிடென்ட் இரண்டையும் ஒரே நாளில், இதே வரிசையில் போடுங்கள். பிரிக்கக் கூடாது. முதலாவதில் முந்தைய பிரதமர் எழுதும் நினைவுக் குறிப்பின் எட்டாம் அத்தியாயம்தான் பிரச்சினை. அணு ஆலை இருக்கும் செல்லாஃபீல்டு விஷயத்தில் ஹேக்கர் இரட்டை வேடம் போட்டார் என்று அதில் இருக்கிறது. இரண்டாவதில் அதே முன்னாள் பிரதமர் நூலை முடிக்காமலே இறந்துபோகிறார், ஹேக்கர் மகிழ்ச்சியை மறைக்கத் திணறுகிறார். முதலாவதைப் பார்க்காதவருக்கு அந்த மகிழ்ச்சி வெறும் கல்நெஞ்சமாகத் தெரியும், காட்சி படுத்துவிடும். அந்த இறுதிச் சடங்கையே சாக்காக வைத்து ஆங்கிலக் கால்வாய் சுரங்கப் பேச்சுவார்த்தையை பிரெஞ்சுக்காரர்களோடு முடிக்கிறார்கள்.

பெரம்பூர் வாசுகி:

கண்ணன் அண்ணா சொல்வதில் டேங்கிள்டு வெப் பற்றி மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் குறை சொல்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் போட்டால் பார்க்கிறவர்கள் நடுவில் எழுந்து போவார்கள்.

யெஸ் மினிஸ்டரில் ஹேக்கரிடம் ஒரு துறை இருந்தது. துறை என்றால் கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது நடக்கும். நோயாளியே இல்லாமல் ஐந்நூறு நிர்வாக ஊழியர்களோடு ஓடும் மருத்துவமனையைக் காட்டினார்களே, நினைவிருக்கிறதா? படுக்கைகள் காலி, ஆனால் ஊழியர் குறைப்பு கூடாது என்று சங்கம் கேட்கிறது. அதற்கு விளக்கமே வேண்டாம். பிரதமருக்குத் துறை கிடையாது. அதனால் கதை முழுக்க ஓர் அறையில் மூன்று பேர் பேசுவதாக ஆகிவிடுகிறது. கடைசி சீசனில் அந்தக் குறை முதல் சீசனைவிட அதிகம். முதல் சீசனில் தி கீ என்ற எபிசோடில் ஹம்ப்ரியின் சாவியைப் பிடுங்கி, அவர் ஜன்னல் வழியாக ஏறி வந்து அலாரம் அடிக்கும். அப்படி உடம்பால் நடக்கும் நகைச்சுவை கடைசி எட்டில் அரிது.

ஆகவே எந்த இரண்டை விடலாம் என்றால், என் கணக்கில் தி பேட்ரன் ஆஃப் தி ஆர்ட்ஸ் முதலில் போகட்டும். நாடகத்துறைக்கு அரசு மானியம் குறைவு, விருது விழாவில் பிரதமரை மேடையிலேயே அவமானப்படுத்துவோம் என்கிறார் தேசிய நாடக அரங்கின் நிர்வாக இயக்குநர், கட்டடத்தையே விற்றுவிடுவேன் என்று ஹேக்கர் திருப்பி மிரட்டுகிறார். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் லண்டன் நாடக அரங்குகளுக்கு வரிப்பணம் எப்படிப் போகிறது என்பது தெரியாமல் சூடு பிடிக்காது. இரண்டாவதாக தி நேஷனல் எஜுகேஷன் சர்வீஸ். பள்ளியைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கட்டும், கல்வித் துறையையே மூடிவிடலாம் என்ற யோசனை. 1988-இல் வந்த கல்விச் சீர்திருத்தச் சட்டத்துக்கான சண்டை பின்னணியில் இருப்பதால் அங்கே அது கனலாக இருந்தது. இங்கே முன்கதை சொல்லவே அரை மணி நேரம் ஆகும்.

பவர் டு தி பீப்பிளை விட்டுவிடாதீர்கள். உள்ளாட்சியை வார்டைவிடச் சின்ன வாக்காளர் குழுக்களாகப் பிரித்து மக்கள் கையில் கொடுக்கலாம் என்று ஒரு பேராசிரியர் சொல்கிறார். ஆட்சிக்கு எதிராகச் சண்டை போடும் கவுன்சில் தலைவி ஆக்னஸ் மூர்ஹவுஸ். அவர் மக்களுக்காகப் பேசுகிறார், ஆனால் மக்களே நேரடியாக முடிவெடுப்பது என்றதும் அவரும் ஹம்ப்ரியும் ஒரே பக்கம் வந்துவிடுகிறார்கள். ஏரியா சபை பற்றிப் பேசுகிற ஊரில் இது நன்றாகவே எடுபடும். முன்கதை இரண்டு வரி போதும்: லண்டன் பெருநகர கவுன்சிலை அன்றைய பிரதமர் தாட்சரின் அரசு 1986 மார்ச் 31-ஓடு கலைத்துவிட்டது, மற்ற கவுன்சில்களோடு வரி விஷயத்தில் மோதிக்கொண்டிருந்தது.

எ கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரெஸ்ட் கட்டாயம் வேண்டும். பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்குக் கவர்னர் நியமனம். சர் டெஸ்மண்ட் கிளேஸ்புரூக் என்ற வங்கிக்காரரை உங்கள் ஆட்கள் யெஸ் மினிஸ்டரிலேயே இரண்டு முறை பார்த்திருப்பார்கள், நினைவுபடுத்துங்கள். இதில்தான் எந்தப் பேப்பரை யார் படிக்கிறார்கள் என்று ஹேக்கர் அடுக்குகிற இடம். அதற்கு மட்டும் முன்கூட்டியே தாளில் அச்சடித்துக் கொடுங்கள்: டெய்லி மிரர், கார்டியன், டைம்ஸ், டெய்லி மெயில், ஃபைனான்ஷியல் டைம்ஸ், மார்னிங் ஸ்டார், டெய்லி டெலிகிராஃப், சன். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி. மிரர் தொழிற்கட்சி பக்கம், கார்டியன் படித்த இடதுசாரிகளின் பேப்பர், டெலிகிராஃப் கன்சர்வேடிவ் பக்கம், மார்னிங் ஸ்டார் கம்யூனிஸ்ட் நாளேடு, சன் அரைகுறை ஆடைப் படம் போட்டு விற்றது. இது தெரியாவிட்டால் கடைசியில் பெர்னார்டு சொல்வதற்குச் சிரிப்பு வராது.

வியாசர்பாடி இளங்கோ:

சப்டைட்டில் விஷயத்துக்கு மட்டும் பதில்.

எழுத்து சீராக முந்திக்கொண்டே போகிறது என்றால் அது ஃப்ரேம் ரேட் சிக்கல். பிரிட்டிஷ் டிவி நொடிக்கு 25 ஃப்ரேம். உங்கள் எஸ்ஆர்டி, அதாவது சப்டைட்டில் ஃபைல், அந்தக் கணக்கில் இருக்கிறது, கிடைத்த வீடியோவை யாரோ 23.976-க்கு இழுத்திருக்கிறார்கள். படம் நான்கு சதவீதம் நீண்டுவிடும். உறுதி செய்ய, பத்தாவது நிமிடத்தில் எவ்வளவு முந்துகிறது என்று பாருங்கள். 25 நொடி அளவுக்கு இருந்தால் இதுதான். எல்லா இடத்திலும் ஒரே அளவு இடைவெளி என்றால் வேறு நோய், மொத்தமாக நகர்த்தினால் போதும்.

சப்டைட்டில் எடிட் மென்பொருளில் ஃப்ரேம் ரேட் மாற்றும் இடத்தில் 25-இலிருந்து 23.976 என்று கொடுங்கள். அதைவிட நல்லது, 25 ஃப்ரேமில் இருக்கிற ஒழுங்கான வீடியோவைப் பிடிப்பது. இழுத்த படத்தில் நடிகர்கள் குரலும் கொஞ்சம் கனத்துக் கேட்கும்.

கொம்பு பிரிவது டிவியின் கோளாறு. தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வசதி பல டிவி பிளேயர்களில் இல்லை. எஸ்ஆர்டியை எவ்வளவு திருத்தினாலும் சரியாகாது, படத்தோடு சேர்த்து எரித்துவிடுங்கள், அதாவது எழுத்தைப் படத்திலேயே நிரந்தரமாகப் பதித்துவிடுங்கள். ஃபைலை யுடிஎஃப்-8 ஆகச் சேமித்து, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கணினியில் நிறுவி, ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் சப்டைட்டில் பகுதியில் ஏற்றி பர்ன் இன் என்பதைத் தேர்ந்தெடுத்து ஒரு நிமிடம் மட்டும் சோதனை ஓட்டம் விடுங்கள். சரி என்றால் முழு எபிசோடு. லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்து விஎல்சியில் ஓட்டினால் எரிக்கக்கூட வேண்டாம்.

படம் 4:3, பழைய டிவியின் வடிவம். டிவியில் ஜூம் போட்டால் கீழே எழுத்து வெட்டுப்படும், வைடு போட்டால் ஆட்கள் குண்டாகத் தெரிவார்கள். இரண்டு ஓரமும் கறுப்பாக இருக்கட்டும்.

ஒரு கார்டுக்கு, அதாவது ஒரு நேரத்தில் திரையில் தெரியும் சப்டைட்டிலுக்கு, இரண்டு வரி, வரிக்கு ஐந்தாறு சொல்லுக்கு மேல் வேண்டாம், குறைந்தது இரண்டு நொடி நிற்கட்டும். இது ஸ்டூடியோவில் ஆட்களை உட்கார வைத்து எடுத்த தொடர், சிரிப்பு அவர்களுடையது. பதில் வசனம் கேள்வியோடு ஒரே கார்டில் வந்தால் நம் ஆட்கள் முதலில் படித்துச் சிரித்துவிடுவார்கள், நடிகர் சொல்லும்போது அறை அமைதியாக இருக்கும். குறிப்பாக பெர்னார்டு வசனங்கள். அவர் வாய் திறக்கிற நொடியில்தான் கார்டு வர வேண்டும், தனியாக வர வேண்டும். ஹம்ப்ரியின் நீளப் பேச்சைச் சுருக்காதீர்கள். ஆறேழு கார்டாக ஓடட்டும், முற்றுப்புள்ளி கடைசிக் கார்டில் மட்டும்.

தண்டையார்பேட்டை படிப்பகம்:

மூவருக்கும் நன்றி. இளங்கோ தம்பி, பத்தாவது நிமிடத்தில் 26 நொடி காட்டுகிறது, நீங்கள் சொன்ன நோய்தான். வாசுகி அக்கா, அஃபீஷியல் சீக்ரெட்ஸுக்கு முன்கதை எதுவும் வேண்டுமா? மேலும் 2013 என்று போட்ட இன்னொரு சீசனும் கண்ணில் படுகிறதே, அது இதன் தொடர்ச்சியா?

பெரம்பூர் வாசுகி:

ஒரே ஒரு வரி போதும். அதே 1987-இல், முன்னாள் உளவு அதிகாரி ஒருவரின் நினைவுக் குறிப்பு வெளிவராமல் தடுக்க தாட்சர் அரசு ஆஸ்திரேலிய நீதிமன்றம் வரை போய்த் தோற்றுக்கொண்டிருந்தது. டிசம்பரில் இந்த எபிசோடைப் பார்த்த பிரிட்டிஷ்காரர்களுக்கு அது நேற்றைய செய்தி. டிப்ளமாடிக் இன்சிடென்டுக்கு இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடி பயத்தால் அன்று அங்கே வெளிநாட்டு நாய் எதுவானாலும் ஆறு மாதம் தனிமைக் கூடத்தில் இருந்தாக வேண்டியிருந்தது. பிரெஞ்சு அதிபர் ராணிக்கு நாய்க்குட்டி பரிசு கொண்டு வருவது ஏன் அவ்வளவு பெரிய ராஜதந்திரச் சிக்கல் என்பது அப்போதுதான் புரியும்.

கொருக்குப்பேட்டை கண்ணன்:

2013 வேறு. கோல்டு சேனலுக்காக அதே எழுத்தாளர்கள் புதிதாக எழுதிய ஆறு எபிசோடுகள், அதற்கு முன் 2010-இல் மேடை நாடகமாக வந்தது. டேவிட் ஹெய்க் ஹேக்கர், ஹென்றி குட்மன் ஹம்ப்ரி. கூட்டணி ஆட்சி, கும்ரானிஸ்தான் என்ற கற்பனை நாட்டின் எண்ணெய்க் கடன் என்று ஆறும் ஒரே கதையாக ஓடும். பழைய ஹேக்கரான பால் எடிங்டன் முகத்துக்குப் பழகியவர்களுக்கு ஒட்டாது. இதோடு கலக்காதீர்கள்.

பேட்ரனை விடுவதில் எனக்கு வருத்தம்தான், ஆனால் வாசுகி சொன்ன காரணம் சரி. அப்படியானால் முதல் ஞாயிறு மேன் ஓவர்போர்டும் பவர் டு தி பீப்பிளும், அடுத்த வாரம் சீக்ரெட்ஸும் இன்சிடென்டும், மூன்றாவது வாரம் கான்ஃப்ளிக்டும் டேங்கிள்டு வெப்பும். பேப்பர் பட்டியல் தாளை மூன்றாவது வாரம் வாசலிலேயே கொடுத்துவிடுங்கள், படம் ஓடும்போது கொடுத்தால் தலை குனிந்து படித்துக்கொண்டிருப்பார்கள்.