உபின் தீவு நடைப்பயணம்: கொஞ்சம் யோசனை சொல்லுங்களேன்

வணக்கம் அண்ணன், அக்காமார்களே. ஊரிலிருந்து வரும் உறவினர்களைக் கடைத்தொகுதிகளுக்குக் கூட்டிப்போய் அலுத்துவிட்டது. இப்போது சிங்கப்பூரின் உபின் தீவில் நடக்க அழைத்துப் போகிறேன். இதையே கட்டணம் வாங்கி முறையாக நடத்த ஆசை. அதற்குச் சுற்றுலா வழிகாட்டி உரிமம் வேண்டும் என்பது தெரியும், பயிற்சிக்குப் பதிந்துவிட்டேன்.

என் குழப்பம் வேறு. சாங்கி முனையிலிருந்து போகும் படகில் 12 பேர்தான் ஏறலாம், குழுவையும் அதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் போனால் தீவின் செக் ஜாவா ஈரநிலப் பலகைப் பாதையில் நண்டைப் பார்ப்பதற்குப் பதில் முன்னால் போகிறவர் முதுகைத்தான் பார்க்க வேண்டும்! சாப்பாடு தீவுக்காரர்கள் கடையிலேயே. ஆனால் எங்களில் பாதிப்பேர் சைவம். போன முறை முட்டை, இறால் இல்லாத மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) கேட்டதற்கே கடைப் பாட்டி திணறிவிட்டார். முன்கூட்டியே சொல்லிவைப்பது அவருக்கு உதவியா, தொல்லையா?

அப்புறம் குரங்கு. மாமா ஒருவர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்த சத்தத்துக்கே இரண்டு இறங்கி வந்துவிட்டன. "பாவம், ஒன்று போடேன்" என்கிறார். காட்டு விலங்குக்குத் தீனி போடுவது இங்கே குற்றம் என்றால் முகம் வாடிவிடுகிறது. பெரியவர்களிடம் இதை மனம் நோகாமல் எப்படிச் சொல்வீர்கள்?