இடிப்புள்ளுக்கு வயிறு எதற்கு?

ஓட்டைக்குடை:
என் கதையில் வரும் இடிப்புள், புயலிலிருந்து பிறந்த பூதம், உருவத்தில் பறவை. சிறகு விரித்தால் 4 மீட்டர். வெனிசுவேலாவில் கட்டாடும்போ ஆறு மரகைபோ ஏரியில் கலக்கும் இடத்தில், இரவெல்லாம் மின்னல் வெட்டும் வானம்தான் அதற்கு ஊர். மின்விலாங்குக்கு இருப்பது போல வயிற்றில் மின்னுறுப்பு, அங்கிருந்து மின்னலை வீசும். முட்டையும் மேகத்திலேயே. ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

வால்காக்கை:
வயிற்றிலேயே ஓட்டை. மின்விலாங்கில் இதுவரை அளந்த உச்சம் 860 வோல்ட். ஆயிரக்கணக்கான செல்களை பேட்டரி மாதிரி அடுக்கி வைத்தும் அவ்வளவுதான், அதுவும் தண்ணீருக்குள். காற்றில் ஒரு மீட்டர் தாண்டவே சுமார் 30 லட்சம் வோல்ட் வேண்டும். அப்படி ஒரு வயிற்றைச் சுமந்துகொண்டு இது எங்கே பறப்பது?

ஓட்டைக்குடை:
பூதத்துக்குப் போய் வோல்ட் கணக்கா? மந்திரம் என்று விடுங்களேன்.

வால்காக்கை:
அப்படியானால் ஓட்டை கேட்டிருக்கவே வேண்டாம்.

ஹேங்கர்வாசி:
இரண்டு பேருமே தப்பான இடத்தில் நிற்கிறீர்கள். மின்னலைப் பறவை ஏன் தயாரிக்க வேண்டும்? மேகத்துக்குள் கனமான பனி உருண்டைகள் விழும்போது, மேலே போகும் மெல்லிய பனித்துகள்களோடு மோதி மோதி, அடியில் எதிர்மின்னும் உச்சியில் நேர்மின்னும் தானாகவே சேர்ந்துவிடுகிறது, அதன் நடுவே போய் நின்றாலே போதும். விமானத்தைத் தாக்கும் மின்னலில் பெரும்பகுதி விமானமே கிளப்பிவிட்டதுதான். நான் பராமரிப்பு வேலையில் இருப்பவன். அடி வாங்கி வந்த விமானத்தில் டார்ச் அடித்துத் தேடினால் மூக்குப் பக்கம் ரிவெட்டுகளை ஒட்டி, ஓரம் கருகிய, மிளகு அளவுக் குழிகள் வரிசையாக இருக்கும், அப்புறம் சிறகு நுனியிலோ வாலிலோ மின்னல் வெளியேறிய தடம். மின்சாரம் அலுமினியத் தோலோடு ஓடிவிடுவதால் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிறகின் பின்விளிம்பில் பென்சில் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டாட்டிக் விக், சேரும் மின்னூட்டத்தைக் காற்றில் கசியவிடும். உங்கள் பறவைக்கும் இறகு நுனியில் அப்படி மயிரிழைகள் வையுங்கள். வயிற்றைத் தூக்கிப் போடுங்கள்.

வால்காக்கை:
இது பரவாயில்லை. ஆனால் இறகு கெரட்டின், அதாவது நம் நகத்தில் இருக்கும் அதே புரதம், மின்சாரத்தைக் கடத்தாது, மேலே உலோகப் பூச்சு வேண்டும். அந்த உலோகம் உணவிலிருந்துதானே வர வேண்டும்? தூக்கிப் போட்ட வயிறு திரும்ப வந்துவிட்டது. ஃப்ரிகேட் பறவை மேகத்தோடு 4,000 மீட்டர் வரை ஏறும், வாரக்கணக்கில் தரை தொடாது, இறகு நனைந்துவிடும் என்பதால் கடலில்கூட உட்காராது. அதுவே பறக்கும் மீனைப் பிடித்துத் தின்கிறது, முட்டையிடக் கரைக்கு வருகிறது.

ஓட்டைக்குடை:
பட்டினப்பாலையில் மழைத்துளியை மட்டும் உண்ணும் வானம்பாடி இருக்கிறதே, அதை யாரும் இப்படிக் குடையவில்லை.

வால்காக்கை:
மழை பொய்த்தால் அது வாடும் என்றும் அதே பாட்டில்தான் இருக்கிறது. 2010 தொடக்கத்தில் வறட்சி வந்து கட்டாடும்போ மின்னல் வாரக்கணக்கில் நின்றுபோனது. உங்கள் இடிப்புள் அப்போது என்ன செய்தது? சாதாரண இடிமேகம் ஒரு மணி நேரம் தாங்கினாலே அதிகம், முட்டை எதன்மேல் நிற்கும்?

ஓட்டைக்குடை:
சரி, முட்டையை இறக்கிவிடுகிறேன். ஏரிக்குள் கால் ஊன்றி நிற்கும் வீடுகளின் துத்தநாகக் கூரையில் இடட்டும். உலோகத்துக்கு அந்தத் தகரத்தையே கொத்தித் தின்னட்டும். 2010இல் கூரைகள் ஓட்டை ஓட்டையாகப் போயின என்று கதையை அங்கேயே தொடங்கிவிடலாம்.

ஹேங்கர்வாசி:
தகரத்தைக் கொத்த என்ன அலகு வைத்திருக்கிறீர்கள்?